வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்

தம்பி, அடுத்த ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்கு, பெங்களூர் எலஹங்காவுக்குப் போகப்போவதாகச் சொன்னாய். கூடவே, வானம் மூட்டமாக இருந்துவிட்டால் லென்ஸ் வாங்கிய காசும் போட்ட லீவும் வீண்தானே என்றும் கேட்டாய். வீண் இல்லை. ஸ்டுடியோ வைத்துப் பிழைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், வெளிச்சம் எப்போதுமே நாம் கேட்டபடி வராது. வந்ததை வைத்து வேலை பார்ப்பவனுக்குப் பேர்தான் போட்டோகிராபர்.

பிப்ரவரியில் பெங்களூரில் காலை வேளையில் புகைபோல மூட்டம் படிந்து கிடப்பது சாதாரணம். ஆனால் மூட்டம் மட்டுமே மோசமான வெளிச்சம் என்று நினைக்காதே. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படை சாகசம் நடந்தது உச்சி வெயிலில். வெயில் முழுக்க விமானத்தின் முதுகில். கீழே நிற்கிற நமக்குத் தெரிவதோ இருண்ட வயிறு. அன்று வந்த கூட்டத்தில் ஐந்து பேர் உயிரிழந்ததையும் மறந்துவிடாதே. பையில் முதலில் தண்ணீர், பிறகு தொப்பி, கேமரா அதற்கப்புறம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெளிறிய வானம் ஃபிரேம் முழுக்க நிறைந்திருந்தால், ‘அம்மாடி, எவ்வளவு வெளிச்சம்’ என்று தானாகக் குறைத்துவிடும். வானம் அழுக்காகிவிடும், நடுவில் இருக்கும் சுகோய் போர் விமானம் கரிக்கட்டையாகிவிடும். அதனால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் கூட்டு. மூட்டம் அதிகமென்றால் ஒன்றரை கூட்டு. வானம் வெள்ளைத்தாளாக வெளுத்துப்போகும், போகட்டும். நீ வந்தது வானத்தைப் படமெடுக்க இல்லையே? இரண்டும் வேண்டுமென்று நடுவில் வைப்பவனுக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் கிடைக்கும். முகூர்த்தத்தில் மணமக்கள் முகத்துக்கு எக்ஸ்போஸ் பண்ணினால் பின்னால் எரியும் சீரியல் பல்புகள் வெளுத்துவிடும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. எதை இழக்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போ. வேலை தேடும்போதும் வீடு கட்டும்போதும் இந்தக் கேள்வி வரும். அப்போதும் முதலிலேயே பதில் வைத்துக்கொள்.

அந்த ஒரு ஸ்டாப்புக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. நிழல் கொஞ்சம் திறந்தால்தான் கண்ணாடிக் கூண்டுக்குள் விமானியின் ஹெல்மெட் தெரியும். அது தெரிந்தால்தான் படத்தில் ஒரு ஆள் இருப்பார். 2019 பிப்ரவரியில் இதே எலஹங்காவில், ஒத்திகையின்போது விமானப்படையின் சூர்யகிரண் சாகசக் குழுவின் இரண்டு ஹாக் விமானங்கள் மோதிக்கொண்டன. ஒரு விமானி உயிரிழந்தார். உள்ளே ஒரு உயிர் இருக்கிறது என்பதைப் படம் மறக்கக் கூடாது. அதனால்தான் ஹெல்மெட் தெரியாத ஜெட் படம் என்னைப் பொறுத்தவரை விளம்பர நோட்டீஸ்தான். இதில் பலருக்கு என்னோடு சண்டை உண்டு.

வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் ஸ்பீடை இறக்கத்தான் கை போகும். ஜெட்டுக்கு இறக்காதே. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குக் கீழே வராமல் ஐஎஸ்ஓவை ஏற்று. 1600, 3200 என்றாலும் பயப்படாதே. புள்ளி புள்ளியாக வரும் நாய்ஸை வீட்டில் உட்கார்ந்து குறைத்துக்கொள்ளலாம். ஆடிப்போன படத்தை யாராலும் நிமிர்த்த முடியாது. ரா ஃபைலிலேயே எடு. ஆனால் நம்ம சூலூர் விமானப்படைத் தளத்தைச் சேர்ந்த சாரங் சாகசக் குழுவின் துருவ் ஹெலிகாப்டர்கள் வந்தால் கணக்கு தலைகீழ். ஆயிரத்தில் எடுத்தால் சுழலி அப்படியே நின்றுபோய், பொம்மையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதுபோல இருக்கும். 160-க்கோ 200-க்கோ இறக்கு. காலை ஊன்றி, முழங்கையை விலாவோடு ஒட்டி, இடுப்பை மட்டும் திருப்பிக்கொண்டே எடு. பாதிக்கு மேல் ஆடிப்போகும். அது கணக்கில் உள்ளதுதான்.

சத்தம் வரும் திசையில் விமானத்தைத் தேடாதே. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஜெட் நொடிக்கு 250 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்து உறுமல் உன் காதுக்கு வர மூன்று நொடி ஆகும்; அதற்குள் அது 750 மீட்டர் தாண்டியிருக்கும். நிகழ்ச்சி வரிசையை முந்தின நாளே படி, மைக்கில் சொல்வதைக் கேள், வரப்போகிற இடத்தில் லென்ஸை வைத்துக் காத்திரு. பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கவும் கூடாது. பஃபர் நிரம்பி கேமரா திணறும்போதுதான் இரண்டு ஹாக்குகள் எதிரெதிரே வந்து உரசுவதுபோலக் கடக்கும். 36 ஃபிரேம் ஃபிலிம் ரோலில் வளர்ந்த எங்களுக்கு இந்தச் சிக்கனம் தானாக வந்தது. நீ பழகித்தான் ஆக வேண்டும்.

மூட்டமான நாளுக்கென்று சில வரங்களும் உண்டு. ஆஃப்டர்பர்னர் நெருப்பு நீலவானத்துப் பட்டப்பகலில் சரியாகத் தெரியாது. இருண்ட வானத்தில் செக்கச்செவேலென்று நிற்கும். ஃபிளேர்களை உதிர்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். காற்றில் ஈரம் இருந்தால் இன்னொன்றும் கிடைக்கும். ஜெட் சட்டென்று வெட்டித் திரும்பும்போது இறக்கையின் மேல் காற்றழுத்தம் குறைந்து குளிர, அந்த ஈரம் வெண்புகையாய் முதுகில் பூத்து மறுநொடி கரையும். வறண்ட வெயில் நாளில் தவம் கிடந்தாலும் அது வராது. மூட்டத்தைப் பார்த்ததும் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் இதைத்தான் தவறவிடுவார்கள்.

ஒன்று மட்டும் லென்ஸால் முடியாது. தூரத்து மூட்டத்தையும், வெயிலேறியபின் ஓடுபாதைமேல் நெளியும் அனலையும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியும் கிழிக்காது. ஆகவே கிட்டே வரும்போது மட்டும் எடு. தூரத்தில் இருக்கும்போது சும்மா பார். பார்ப்பதற்கும் சேர்த்துத்தானே டிக்கெட்?

ஏரோ இந்தியா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். அதுவரை லென்ஸைப் பீரோவில் பூட்டி வைக்காதே. மழை மூட்டமான சாயங்காலமாகப் பார்த்துக் குளத்துக்கரைக்குப் போய்ப் பருந்தையும் நீர்க்காகத்தையும் பின்தொடர்ந்து எடு. அவிநாசி சாலையில் போகும் பஸ்ஸைப் பேனிங் பண்ணு. தேஜஸ் போர் விமானம் தலைக்குமேல் போகிறதே என்று சூலூர் விமானப்படைத் தள மதில் பக்கம் மட்டும் கேமராவோடு போய்விடாதே. அங்கே படமெடுக்கத் தடை இருக்கிறது. மாட்டினால் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உன்னைக் கூட்டிப்போக உங்கப்பன்தான் அலைய வேண்டும்.