நண்பரின் சிவப்பு மை

கையெழுத்துப் பிரதியொன்றை நண்பரிடம் கொடுத்து, குறைகளை ஒளியாமற் சொல்லுமாறு கேட்பது எளிது. அவர் உண்மையாகவே சொல்லிவிட்டால், அதைத் தாங்குவதுதான் அரிது. இப்பாடத்தை நாம் அண்மையிலேதான் கற்றோம்.

எமது நண்பர் மலையகத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியர். பல்கலைக்கழகத்தில் எம்மோடு தமிழ் பயின்றவர். கொழுந்து பறித்த தாயின் மகனாக லயத்தில் வளர்ந்தவர். அவரும் நாமும் சிறுவர்க்கு மாயக்கதை எழுதுகிறோம். எழுதியதை ஒருவர்க்கொருவர் அனுப்பி அபிப்பிராயம் கேட்பது எமது வழக்கம்.

சென்ற ஆண்டு நாம் எழுதிய கதையிலே, தோட்டத்துச் சிறுமி ஒருத்திக்கு மாயப் பறவையின் இறகொன்று கிடைக்கிறது. அதை வைத்ததும் தாயின் கொழுந்துக் கூடை தானே நிறைந்துவிடுகிறது. உழைக்கும் பெண்ணின் முதுகுச் சுமையை இறக்கிவிட்டோம் என்ற பெருமிதம் எமக்கு. பிரதி திரும்பி வந்தபோது அப்பக்கத்தின் ஓரத்திற் சிவப்பு மையால் இப்படி எழுதப்பட்டிருந்தது: "கூடை தானாக நிறைந்தால், நாளைக்கு எத்தனை கிலோ கேட்பார்கள்? மற்றப் பெண்களுக்கெல்லாம் அரைப்பேர்தானே விழும்?"

விதித்த நிறையை எட்டாதவளுக்கு அரைநாட் சம்பளமே பதியப்படும் என்பதை நாம் அறியாதவரல்லர். அதனைக் கண்டித்துக் கட்டுரையும் எழுதியிருக்கிறோம். ஆயினும் கற்பனை என்று வந்ததும், அறிந்ததையெல்லாம் வாசலிலே கழற்றி வைத்துவிட்டோம்! மாயக்கதையிலும் பொருளாதாரம் தேடுகிறாரே என்று சினந்து, இரு வாரம் மறுமொழி எழுதாதிருந்தோம்.

அப்பொழுதுதான் அவருடைய பிரதிக்கு நாம் எழுதிய அபிப்பிராயம் நினைவுக்கு வந்தது. "மிக நன்று, நடை அழகு" என்ற இரண்டே வரிகள். உண்மையில் அக்கதையின் பிற்பாதி எமக்குச் சலிப்பூட்டியது. ஏன் சொல்லவில்லை? நட்பைக் காப்பதற்காக என்று எண்ணியிருந்தோம். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தால், லயத்திலிருந்து வந்தவர் எழுதியதைக் குறை கூறலாகாது என்ற இரக்கமே அங்கே இருந்தது. அது இரக்கமன்று, இரக்கத்தின் ஆடையணிந்த மேட்டிமை. அவர் எம்மைச் சமமானவராக மதித்துத் திருத்தினார். நாமோ அவரை மதியாது புகழ்ந்தோம்.

ஒக்ஸ்போட் பல்கலைக்கழக ஆசிரியர்களாயிருந்த ரோல்கீனும் லூயிசும் தம் பிரதிகளை நண்பர் குழுவில் வாசித்துக் கருத்துக் கேட்டவர்கள். 1950 இல் வெளியான லூயிசின் முதலாவது நார்னியாக் கதை ரோல்கீனுக்குப் பிடிக்கவில்லை. வெவ்வேறு புராண மரபுகளை ஒன்றாய்க் கலந்தது அவருக்கு ஒவ்வாதிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. லூயிசும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1956க்குள் ஏழு நூல்கள் வெளிவந்தன. மறுபுறத்தில், 1954-55 இல் மூன்று பாகங்களாக வந்த தமது பெருங்கதை நிறைவுற்றது லூயிசின் ஓயாத ஊக்கத்தாலேயே என்பதை ரோல்கீன் பின்னர் ஒப்புக்கொண்டார். அவர்களுடைய உலகநோக்கு எம்முடையதன்று. ஆயினும், கடியவும் ஊக்கவும் ஒருங்கே அறிந்த நட்பு எவர்க்கும் வேண்டியதே.

இன்னொன்றும் உண்டு. 1936 இல், ரோல்கீனின் 'ஹொபிற்' பிரதியை வாசித்து அபிப்பிராயம் எழுதியவன் பதிப்பாளரின் பத்து வயது மகன். அவன் பெற்ற கூலி ஒரு ஷில்லிங். நூல் அடுத்த ஆண்டே வெளிவந்தது. சிறுவர் கதைக்கு இறுதி நீதிபதி சிறுவனே என்பதை அப்பதிப்பாளர் அறிந்திருந்தார்.

நண்பரிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் கதையின் பிற்பாதி பற்றிய எமது உண்மைக் கருத்தை நான்கு பக்கங்களில் எழுதினோம். எமது கதையையும் திருத்தினோம். இப்பொழுது கூடை தானே நிறைவதில்லை. பறவையின் இறகு பட்டதும், கொழுந்து மடுவத்துத் தராசு உண்மையான நிறையை உரத்துச் சொல்கிறது!

இதை எமது ஏழாம் வகுப்பில் வாசித்தோம். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அவங்கள் தராசை உடைச்சுப்போட்டால் பிறகு என்ன செய்யிறது?" என்றான்.

அவ்வினாவை நண்பருக்கு எழுதியனுப்பினோம். "அதற்கு இறகு போதாது, கூடை சுமக்கும் பெண்கள் எல்லோரும் மடுவத்துக்கு வரவேண்டும்" என்று பதில் வந்தது, அதே சிவப்பு மையில். அந்த அத்தியாயத்தைத்தான் இப்பொழுது எழுதிக்கொண்டிருக்கிறோம்.