திமிங்கிலமும் தினசரியும்

காலைக் காப்பியும் தினசரிப் பத்திரிகையும் ஒருங்கே வந்து சேர்ந்ததும், முக்கியமான செய்திகளை நாம் உரக்க வாசிப்பதும், வீட்டிலுள்ளோர் தத்தம் வேலைகளைச் செய்துகொண்டே அவற்றைக் கேட்பதும் நம் இல்லத்தில் நெடுநாளைய வழக்கம். அச்சில் வந்ததை வாசிப்பவருடைய குரலில் ஒருவித அதிகாரம் தானாகவே வந்து அமர்ந்துவிடுகிறது. அந்த அதிகாரத்தினால் ஒரு சமயம் நாம் செய்த பிழையை நேயர்களிடம் ஒப்புக்கொள்வதற்காகவே இதை எழுதத் துணிந்தோம்.

2016-ம் வருஷம் ஜனவரி மாதம் 11-ந் தேதி மாலை, திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு முதலிய ஊர்களை ஒட்டிய கடற்கரையில் திமிங்கிலங்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஒதுங்கத் தொடங்கின. அவை 80-க்கு மேல் என்றது ஒரு பத்திரிகை. 100 என்றது மற்றொன்று. குட்டைத் துடுப்புள்ள ‘பைலட்’ திமிங்கிலம் என்னும் இனம் அது. அக்கரையோரத்து மீனவச் சகோதரர்கள், டன் கணக்கில் கனக்கும் அப்பிராணிகளைத் தங்கள் படகுகளைக் கொண்டு இழுத்துச் சென்று ஆழமான நீரில் விட்டார்கள். விட்டவற்றில் சில மறுபடியும் கரைக்கே திரும்பி வந்தன! முடிவில் 40-க்கு மேற்பட்டவை மாண்டு, குழி தோண்டிப் புதைக்கப்பட்டன.

13-ந் தேதி காலையில் இச்செய்தியை நாம் வாசித்தபோது, நம் அத்தை ஊருக்குப் புறப்படுவதற்காகத் துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகன் வீடு கடலோரத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. போகியன்று போய்ச் சேர்ந்து, பேரக் குழந்தைகளுடன் பொங்கல் கொண்டாடுவதாக ஏற்பாடு. பத்திரிகையிலோ, ‘காரணம் என்ன?’ என்ற தலைப்பின் கீழ் ஐந்தாறு காரணங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. கடலுக்கடியில் பூகம்பம் நேரப் போவதை அப்பிராணிகள் முன்னதாகவே உணர்ந்திருக்கலாம் என்பது முதலாவது காரணம். ‘உணர்ந்திருக்கலாம்’ என்பதிலுள்ள ‘லாம்’ என்னும் ஈற்றை நம் நாக்கு எவ்விதமோ விழுங்கிவிட்டது.

அத்தை கையிலிருந்த புடவையைக் கீழே வைத்தாள். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கடல் ஊருக்குள் புகுந்ததைக் கண்ணால் கண்டவள் அவள்.

“ஏனப்பா, மறுபடியும் கடல் பொங்கி வருமோ?” என்று கேட்டாள்.

“விஞ்ஞானிகள் அப்படித்தான் நினைக்கிறார்கள், அத்தை” என்றோம் நாம். எந்த விஞ்ஞானி என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம்மிடம் விடை இல்லை.

அத்தை ஊருக்குப் போகவில்லை. மகனையும் குழந்தைகளையும் உடனே புறப்பட்டு வந்துவிடும்படி தொலைபேசியில் மன்றாடினாள். அவர்களால் வர இயலவில்லை. பொங்கலன்று நம் வீட்டு முற்றத்தில் பால் பொங்கிற்று, கடல் பொங்கவில்லை. பேரக் குழந்தைகள் பாட்டியில்லாமலே கரும்பு தின்றார்கள். அந்தப் பொங்கலை அவளுக்கு யார் திருப்பிக் கொடுக்க முடியும்?

பிராயச்சித்தமாக, திமிங்கிலங்கள் கரையொதுங்குவதைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் பிற்பாடு படித்துப் பார்த்தோம். முதலில் அறிந்தது, இது புதுமையே அன்று என்பது. 2,300 வருஷங்களுக்கு முன்பே கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில், டால்பின்கள் காரணம் விளங்காமல் கரையேறிவிடுவதைக் குறித்து வைத்திருக்கிறார். அவ்வளவு தூரம் போவானேன்? 1973-ம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி, இதே பொங்கல் சமயத்தில், இதே மணப்பாட்டுக் கரையோரத்தில், இதே இனத்தைச் சேர்ந்த 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நம் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் அவற்றைக் கணக்கெடுத்து எழுதி வைத்தார்கள். அதைத் தொடர்ந்து பேரலை எதுவும் நம் கரைக்கு வரவில்லை. இந்த ஒரு செய்தியை அன்று காலையில் அறிந்திருந்தால் அத்தையை ஊருக்கு அனுப்பியிருப்போம். நம் கடலைப் பற்றி நம்மவர் எழுதி வைத்ததை விட்டுவிட்டு, வேற்றிடத்து யூகங்களை இரவல் வாங்குவது நமக்குப் பழகிப் போய்விட்டது.

பூகம்ப யூகம் எங்கிருந்து வந்தது? 2011-ம் வருஷம் பிப்ரவரியில் நியூஸிலாந்தின் ஸ்டூவர்ட் தீவில் நூற்றுக்கு மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. இரண்டொரு நாளில் கிறைஸ்ட்சர்ச் நகரில் பூகம்பம் நேர்ந்தது. மார்ச் மாதத்தில் ஜப்பானின் காஷிமாக் கரையில் சுமார் 50 திமிங்கிலங்கள் ஒதுங்கின. ஒரு வாரத்தில், 11-ந் தேதி, பெரும் பூகம்பமும் சுனாமியும் வந்தன. கேட்பவர்க்கு உடல் சிலிர்க்கத்தான் செய்யும். ஆனால் 2015-ம் வருஷம் ஏப்ரலில், அதே ஜப்பானியக் கரையோரத்தில் சுமார் 150 திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது ஜனங்கள் நடுங்கினார்கள். அத்தகைய பேரழிவு எதுவும் நேரவில்லை. நியூஸிலாந்தில் அநேகமாக ஆண்டுதோறும் திமிங்கிலங்கள் கரையேறுகின்றன. ஆண்டுதோறும் நகரங்கள் இடிந்து விழுவதில்லை. பலித்ததை மனம் நினைவில் வைக்கிறது, பலியாததை மறந்துவிடுகிறது. சோதிடர்களின் பிழைப்பும் இதனால்தானே நடக்கிறது?

இன்னொரு விளக்கம் மிகவும் மனத்தைக் கவர்வது. இவ்வினம் கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம். தலைமைப் பிராணி நோயுற்றுக் கரையேற, உறவினர் அன்பினால் பின்தொடர்ந்து மடிகின்றனர் என்பார்கள். நாமும் அதை நம்பிக் கண் கலங்கினோம். ஆயினும், நியூஸிலாந்திலும் டாஸ்மேனியாவிலும் மாண்ட நீண்ட துடுப்புப் பைலட் திமிங்கிலங்களின் மரபணுக்களைச் சோதித்து 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஒரே கூட்டத்தில் பல தாய்வழிக் குடும்பங்கள் கலந்திருந்தன என்றும், தாயும் குட்டியும் பெரும்பாலும் அருகருகே கிடக்கவில்லை என்றும் காட்டிற்று. அழகான கதையும் சோதனைக்கு உட்பட்டதே.

அப்படியாயின் காரணத்தைக் காணவே முடியாதா? முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 2002-ம் வருஷம் செப்டம்பரில் கானரித் தீவுகளில், யுத்தக் கப்பல்களின் பயிற்சியை ஒட்டி 14 அலகுத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மருத்துவர்கள் உடல்களைத் தாமதமின்றி அறுத்துச் சோதித்து, இரத்தக் குழாய்களில் வாயுக் குமிழ்களால் நேர்ந்த சேதத்தைக் கண்டார்கள். நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காகக் கப்பல்கள் எழுப்பும் ‘சோனார்’ என்னும் பேரொலியின் மீது சந்தேகம் உறுதிப்பட்டது. 2004-ல் ஸ்பெயின் தேசத்து அரசாங்கம் அத்தீவுகளைச் சுற்றி அதைத் தடை செய்தது. அதன் பின் அங்கே அவ்விதக் கூட்ட மரணம் நின்றது. மெய்யான காரணம் ஒன்றைக் கண்டுபிடித்ததனால் உயிர்கள் பிழைத்தன. ஆனால் எல்லா மரணத்துக்கும் சோனாரே காரணம் என்று சொல்வதும் பூகம்பக் கதையைப் போன்ற பிழையே. மணப்பாட்டில் திமிங்கிலங்கள் மாண்ட அதே மாதத்திலும் அடுத்த மாதத்திலும், வட கடலின் கரைகளில் 30 ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் மாண்டன. ஐந்து தேசங்களின் நிபுணர்கள் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட முடிவு, ஒரே காரணம் என்று எதையும் சுட்டவில்லை.

இரண்டு வருஷ உழைப்புக்குப் பின் சொல்லும் ‘தெரியவில்லை’ என்னும் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு! ஆயினும் அதைக் கொட்டை எழுத்தில் போடுவார் இல்லை. முதல் நாள் ஆறு காரணங்களை அடுக்குவோர், ஆறு மாதம் கழித்து, ‘அவற்றில் எது நிலைத்தது?’ என்று திரும்பிப் பார்ப்பதில்லை. பத்திரிகைகளை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. காலைக் காப்பி ஆறுவதற்குள் காரணம் தெரிந்தாக வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள் நாம்தானே? யூகத்தால் திருப்தியடைந்துவிட்டால், மெய்யைத் தேடும்படி யாரை நாம் கேட்போம்?

இப்போதும் நம் வீட்டில் செய்தி வாசிப்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அத்தை மட்டும் ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறாள். நாம் எதையேனும் சற்றே கம்பீரமாக வாசித்துவிட்டால், அடுக்களையிலிருந்து அவள் குரல் கேட்கும்:

“ஏனப்பா, அது ‘ஆம்’ செய்தியா, ‘லாம்’ செய்தியா?”

நாம் மறுபடியும் ஒரு முறை, மெதுவாக, வாசித்துப் பார்க்கிறோம்.