துணைக்கு வந்தவர்

'டீச்சர், போகலாமா... வேண்டாமா?'

மாசத்துக்கு ஒருத்தராவது இந்தக் கேள்வியோடு எனக்கு போன் பண்ணிவிடுகிறார்கள். எம்.ஏ. இங்கிலீஷ் முடித்த பெண்ணாக இருக்கும். சவுதியிலிருந்து ஒரு வேலை வந்திருக்கும். கல்லூரியில் முதலாண்டு மாணவிகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும். நல்ல சம்பளம், வீட்டு வாடகை, வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்துபோக விமான டிக்கெட். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. 'ஆனா டீச்சர், அங்கெல்லாம் பொம்பளைங்க ரொம்பக் கட்டுப்பாடா இருக்கணுமாமே?' என்று குரல் இறங்கும்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இப்படி ஒரு வேலை வந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? யோசித்துக்கொண்டே படியுங்கள். 2010-ல் நாங்கள் யோசித்த கதையைச் சொல்கிறேன்.

எங்களுக்குக் காரைக்கால். சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே கடல், நடுவே 160 சதுர கிலோமீட்டரில் புதுச்சேரியின் ஒரு துண்டு. 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், இடையிடையே ஆங்கிலேயரிடம் மாட்டி மீண்டு, 1954 நவம்பர் 1-ம் தேதி இந்தியாவோடு சேர்ந்த ஊர். எங்கள் ஊர் ஆண்களுக்குக் கப்பல் ஏறுவது புதிதே இல்லை. குமாஸ்தாவாகவும் சிப்பாயாகவும் வியாபாரியாகவும் சைகோனுக்குப் போனார்கள். பிரான்ஸுக்குப் போனார்கள். பிறகு துபாய், சவுதி. போனதெல்லாம் ஆண்கள். பெண்கள் வாசலில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

நான் அப்போது ஒரு கல்லூரியில் மணிக்கணக்கு சம்பளத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் அந்தச் சம்பளமும் கிடையாது. அப்பாவின் இதய ஆபரேஷனுக்கு வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது. பெண்ணுக்கு நாலு வயசு. வீட்டுக்காரர் பாரதியார் சாலையில் சின்னதாக ஒரு ஸ்டேஷனரி கடை வைத்திருந்தார்.

வேலை கிடைத்தது அப்ஹாவில். சவுதியின் தென்மேற்கு மூலை. பாலைவனம் என்று நினைக்காதீர்கள். ஏறக்குறைய நம்ம ஊட்டி உயரத்தில் இருக்கிற மலை ஊர். மழை உண்டு, பனிமூட்டம் உண்டு. ஆனால் பழக்கவழக்கத்தில் ரொம்பப் பழமையான பகுதி. அப்போது பெண்கள் வண்டி ஓட்டக் கூடாது. வெளியே போனால் கறுப்பு அபாயா போட்டே ஆகவேண்டும்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. மஹரம் துணையோடுதான் வரவேண்டும். மஹரம் என்றால் கணவன், அல்லது அப்பா, சகோதரன், மகன் மாதிரி ஒரு பெண் மணந்துகொள்ளக் கூடாத உறவு. அப்பா நடமாடவே முடியாத நிலை. தம்பி கிடையாது. ஆக, வீட்டுக்காரர்தான் வரவேண்டும். அவர் பேருக்கு வருவது குடும்ப விசா. அதை வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்க்கக் கூடாது.

புரிகிறதா சங்கதி? நான் சம்பாதிக்க, அவர் வீட்டில் இருக்க வேண்டும்.

மாமியார் திருநள்ளாறு போய் எள் விளக்கு போட்டுவிட்டு வந்து சொன்னார்கள்: 'ஆம்பளப் புள்ளைய பெண்டாட்டி பின்னாடி அனுப்பறதா? சாதிசனம் என்ன பேசும்?' நாங்கள் பயந்துகொண்டிருந்ததென்னவோ சவுதிக் கட்டுப்பாட்டுக்கு. முதல் கட்டுப்பாடு எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தது!

பக்கத்து வீட்டு ராத்தா சிரித்தார்கள். அவர் வீட்டுக்காரர் இருபது வருஷம் அரபு நாட்டில் இருந்தவர். 'எங்க வூட்ல ஆம்பளைங்க போவாஹ, நாங்க காத்துக் கெடப்போம். ஒனக்கு அது தலைகீழா வந்திருக்கு, அவ்வளவுதானே புள்ள! கூடவே வர்றேங்கிறாரு. எங்களுக்கெல்லாம் அது கெடைக்கலியே' என்றார்கள். கடைசி வரியைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அம்மா சொன்னது இன்னொரு விதம். அம்மா குளூனி கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர். 1807-ல் ஆன்-மரி ஜாவுவே என்கிற அம்மையார் பிரான்ஸில் தொடங்கிய சபை அது. 1827-ல் அந்தச் சபைச் சகோதரிகள் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர புதுச்சேரியில் வந்து இறங்கினார்கள். பிறகு காரைக்காலிலும் பள்ளி வந்தது. 'எங்க மதர் எந்த ஊர்லேர்ந்தோ வந்தாங்க. பொண்ணு படிக்கக் கூடாதுன்னு சொல்ற ஊருக்குப் போறியேன்னு அவங்க அம்மா கேட்டிருப்பாங்கல்ல?' என்றார் அம்மா.

அன்றைக்கு நம் ஊர்தான் அவர்களுக்கு 'கட்டுப்பாடான வெளிநாடு'. ஒரு வித்தியாசம் உண்டு. அவர்களுக்குப் பின்னால் ஒரு அரசாங்கம் இருந்தது. எனக்கு இருக்கப்போவது இக்காமா என்கிற குடியிருப்பு அட்டை மட்டும். ஆகவே, யாரையும் திருத்துகிற வேலையை நான் தலையில் போட்டுக்கொள்ள முடியாது. பாடம் எடுக்கலாம். அது போதுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். போதும் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் இரவு வீட்டுக்காரர் கடைக் கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: 'மூணு வருஷம். கடனை அடைச்சிட்டுத் திரும்பிடலாம். கடைய இன்னொருத்தருக்கு விட்டுடறேன்.'

அதற்குப் பிறகு ஓட்டம். என் பட்டம் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துடையது. அதில் முத்திரை வாங்க, எங்கள் தலைநகருக்குப் போக, தமிழ்நாட்டைத் தாண்டி சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாக பஸ். பிறகு டெல்லி. வெளியுறவுத் துறை, சவுதித் தூதரகம் என்று ஒவ்வொரு சான்றிதழின் முதுகிலும் முத்திரை. 2010 செப்டம்பரில் விமானம் ஏறினோம். ஒரு ரியாலுக்கு அப்போது சுமார் 12 ரூபாய்.

வகுப்பறை எப்படி இருந்தது தெரியுமா? பெண்களுக்குத் தனி வளாகம். உயர்ந்த மதில். வாசலில் காவல். வீட்டு ஆண்கள் வந்து அழைத்துப்போகும்வரை மாணவிகள் வெளியே போக முடியாது. காமிரா உள்ள போன் உள்ளே கொண்டுவரக் கூடாது. ஆனால் மதிலுக்குள்ளே அபாயா இல்லை. அந்தப் பெண்கள் பேசுகிற பேச்சு, சிரிக்கிற சிரிப்பு... நம்ம ஊர் மகளிர் கல்லூரி கேன்டீன் தோற்றது!

எதைப் பேசக் கூடாது என்பது எழுதாத சட்டம். மதம், அரசியல், காதல் மூன்றும் வேண்டாம். பாடப் புத்தகமே மத்திய கிழக்குக்கென்று தனியாகத் தயாரித்த பதிப்பு. நான் சாமி கும்பிடுவது வீட்டுக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு.

பேசக்கூடியது இத்தனை குறைவு என்றால் இங்கிலீஷ் எப்படி வரும் என்கிறீர்களா? அங்கேதான் தமிழ் கைகொடுத்தது. அரபியில் ஆங்கில 'பி'-க்குரிய வல்லின ஒலி கிடையாது. 'கார் பார்க்கிங்' என்பதை நாய் குரைக்கிற 'பார்க்கிங்' ஆக்கிவிடுவார்கள். நம் எழுத்திலும் இரண்டுக்கும் ஒரே 'ப'தானே! 'நான் ஆசிரியை' என்று நாம் சொல்வதுபோல அரபியிலும் நடுவில் 'ஆம்', 'இஸ்' எதுவும் வராது. 'ஐ டீச்சர்' என்று அவர்கள் எழுதினால், ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்று எனக்கு உடனே புரியும். பிறந்ததிலிருந்து இங்கிலீஷ் பேசியவருக்கு அது வெறும் பிழை. எனக்கு அது நான் நடந்துவந்த பாதை. அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு ஒரு சம்பளம், நமக்கு ஒரு சம்பளம் என்கிற அநியாயம் அங்கே உண்டு. அதை நினைத்துக் கசந்த நாட்களில் இதை நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் 'என் பாட்டி' என்று பத்து வரி எழுதச் சொன்னேன். ஒரு பெண், எழுதப் படிக்கத் தெரியாத தன் பாட்டி வீட்டுச் சுவரில் வண்ணக் கட்டங்களும் முக்கோணங்களும் வரைவாள் என்று எழுதியிருந்தாள். அசீர் பகுதிப் பெண்கள் தலைமுறையாக வரைகிற 'கத்' ஓவியம். 2017-ல் யுனெஸ்கோ பட்டியலிலேயே சேர்த்தார்கள். நான் போர்டில் புள்ளி வைத்து ஒரு கோலம் போட்டுக் காட்டினேன். வகுப்பே எழுந்து வந்துவிட்டது. 'யார் சொல்லித்தந்தது? தினமும் போடுவீர்களா? மழை வந்தால்?' கேள்வியெல்லாம் இங்கிலீஷில்!

இந்த எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சவுதியில் பெண்களுக்கு அரசுப் பள்ளிகள் தொடங்கியதே 1960-ல்தான். புரைதா என்ற ஊரில் பள்ளி வேண்டாம் என்று ஆண்கள் திரண்டு வந்து எதிர்த்தார்கள். 2002 வரை பெண் கல்வி மத அறிஞர்களின் பொறுப்பில்தான் இருந்தது. அந்த வருஷம் மெக்காவில் ஒரு பெண்கள் பள்ளியில் தீப்பிடித்து 15 சிறுமிகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அது கல்வி அமைச்சகத்துக்கு வந்தது. என் முன்னால் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் வீட்டில் அதே வயசில் எழுத்து தெரியாமல் இருந்த ஒரு பாட்டி இருந்தாள். இங்கே என் பாட்டியும் கைநாட்டுதான்.

அந்த 'பாட்டி' கட்டுரைக்காரிக்கு மேல்படிப்புக்கு வெளிநாடு போக ஆசை. மன்னர் அப்துல்லா பெயரில் 2005-ல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் இருந்தது. ஆனால் அவளும் மஹரம் துணையோடுதான் போக வேண்டும். அண்ணன் வரமாட்டேன் என்கிறான். 'ஒரு ஆண் எதற்குத் தன் வேலையை விட்டுவிட்டு ஒரு பெண்ணின் படிப்புக்குத் துணை வர வேண்டும் என்கிறான், மிஸ்.'

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: 'மிஸ், உங்கள் கணவர் இங்கே என்ன வேலை பார்க்கிறார்?'

'வேலை இல்லை. எனக்குத் துணையாக வந்திருக்கிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். சாம்பார் வைப்பார்.'

அவள் கண்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வளாகத்துக்கே வந்துவிட்டாள். திரும்ப ஒருமுறை அதையே சொல்லச் சொன்னாள். நான் சொல்லச் சொல்ல அவள் அரபியில் மொழிபெயர்த்தாள். கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பாள் போல. பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் அவள் அண்ணனோடு இங்கிலாந்து போனாள்.

நான் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. எங்களுக்குத் தொல்லையாக இருந்த அதே நிபந்தனை அவளுக்கு ஒரு உதாரணமாக உதவியது. என் மூன்று வருஷப் பாடங்களில் பெரிய பாடத்தை எடுத்தவர், வகுப்புக்குள் காலே வைக்க முடியாத என் வீட்டுக்காரர்.

ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். மளிகைக் கடையில் நம்மவர்கள் 'மேடம் வீட்டுக்காரர் வந்துட்டாரு' என்று சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசமாட்டார். 2013-ல் கடனை அடைத்துவிட்டுத் திரும்பினோம். பழைய கடை கிடைக்கவில்லை. முப்பத்தெட்டு வயசில் இன்னொரு இடத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த மூன்று வருஷத்தை ரியாலில் கணக்குப் போட முடியாது.

இப்போது அங்கே நிறைய மாறிவிட்டது. 2016-ல் மதக் காவலர்களின் கைது செய்யும் அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். 2018 ஜூனில் பெண்கள் வண்டி ஓட்டத் தொடங்கினார்கள். 2019-லிருந்து 21 வயதான பெண் காப்பாளர் அனுமதி இல்லாமல் பாஸ்போர்ட் எடுக்கலாம், பயணம் போகலாம். மஹரம் இல்லாமலே வேலைக்குப் போகிற நம் பெண்களும் உண்டு. 2022 டிசம்பரிலிருந்து அந்த நாடு அப்போஸ்டில் முறையில் சேர்ந்துவிட்டதால் முத்திரை அலைச்சலும் குறைவு.

அதனால் போன் பண்ணுகிறவர்களிடம் நான் ஊரைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் பேசுகிறேன். காகிதத்தைப் பற்றி நிறையப் பேசுகிறேன். ஏஜென்ட் வெளியுறவுத் துறையில் பதிவு செய்தவரா என்று இமைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான். லட்சத்தில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பட்டதாரிக்கு குடியேற்ற அனுமதி முத்திரை தேவையில்லை. அதனாலேயே உங்கள் ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்க்கப்போவதில்லை, நீங்கள்தான் பார்க்கவேண்டும். வேலை தருவது அரசா, தனியார் நிறுவனமா என்று கேளுங்கள். தனியார் என்றால், துணைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் மாதக் கட்டணம் உண்டு. 2017-ல் 100 ரியாலில் தொடங்கி 2020-ல் 400 ஆக்கினார்கள்.

கடைசியாக ஒன்று கேட்பேன்: 'வீட்டில் யாரும்மா உனக்காக என்ன விட்டுக்கொடுக்கப் போறாங்க? அதை அவங்க வாயால சொல்லச் சொல்லிக் கேட்டியா?'

பெரும்பாலும் பதில் வராது. 'கேட்டுட்டுப் பேசறேன் டீச்சர்' என்று வைத்துவிடுவார்கள். சிலர் திரும்பக் கூப்பிடுவார்கள். போனவாரம் ஒரு பெண் கூப்பிட்டாள். 'டீச்சர், எங்க வீட்டுக்காரர் உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசணும்ங்கிறார்' என்றாள். போனைக் கொடுத்துவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார்கள்.