ஆயாவின் மாத்திரைப் பொட்டலம்: எலும்பு ஏன் கரையுது? (நீண்ட இழை)

1/ எங்க ஆயாவுக்கு முதுகெலும்பு உடைஞ்சது கீழே விழுந்து இல்லை. திருவொற்றியூர்ல எங்க தெருவுக்கு மெட்ரோ தண்ணி லாரி வந்துச்சு. ஆயா ஒரு குடத்தைத் தூக்கிச்சு. அவ்வளவுதான். முதுகுல "சுருக்"னு ஒரு வலி. "சுளுக்கு கண்ணு, எண்ணெய் போட்டு நீவிவுட்டா சரியாப் பூடும்"னு போன்ல சொல்லிச்சு. நானும் சரின்னுட்டேன். நான் டாக்டர்.

2/ மூணு வாரம் கழிச்சு ஊருக்கு வந்தப்போ ஆயாவால கட்டில்ல திரும்பிப் படுக்க முடியல. எக்ஸ்ரே எடுத்தோம். முதுகுத்தண்டில் ஒரு முள்ளெலும்பு முன்பக்கமா நசுங்கி ஆப்பு மாதிரி இருந்துச்சு. அதுக்கு ரெண்டு எலும்பு மேலே இன்னொரு நசுங்கல். அது பழசு. எப்போ ஆச்சுன்னு ஆயாவுக்கே தெரியாது.

3/ இது அபூர்வம் இல்லை. முள்ளெலும்பு முறிவுகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே போயிடும். "வயசாயிடுச்சு, முதுகு வலிக்குது"ன்னு விட்டுடுவாங்க.

4/ ஆயா நாற்பது வருஷம் காசிமேட்டுல மீன் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில சுமந்து தெருத்தெருவா வித்தது. இவ்வளவு உழைச்ச உடம்புக்கு எலும்பு கெட்டியாத்தானே இருக்கணும்? எனக்கும் அந்தக் கேள்வி வந்துச்சு. பதில் தலையணை உறைக்குள்ள இருந்துச்சு.

5/ ஒரு பேப்பர் பொட்டலம். உள்ளே வெள்ளை, மஞ்சள், ரோஸ்னு மாத்திரைகள். பேர் இல்லை, அட்டை இல்லை. மூட்டு வலிக்கு ஒரு மருந்துக்கடையில சீட்டு இல்லாமல் வாங்கினது. "அத்த போட்டாத்தான் காலு நடக்குது." எத்தனை வருஷமா ஆயா? "நீ காலேஜ் சேர்ந்தப்பலேர்ந்து."

6/ அந்தப் பொட்டலத்தை நான் முன்னாடியே பார்த்திருக்கேன். ஒரு பொங்கலுக்கு வந்தப்போ "என்னது இது?"ன்னு கேட்டேன். "வலி மாத்திரப்பா" என்றது. அடுத்த கேள்வியை நான் கேட்கல. இந்த இழையை எழுதுறதுக்குக் காரணமே அந்தக் கேட்காத கேள்விதான்.

7/ ஒரு வெள்ளை மாத்திரையை அடையாளம் கண்டுபிடிச்சோம். டெக்ஸாமெத்தசோன், 0.5 மில்லிகிராம். ஸ்டீராய்டு. காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பார்க்க ரொம்பச் சின்ன அளவு. ஆனா இது சுமார் 6 முதல் 7 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்குச் சமம். அந்த அளவை மூணு மாசத்துக்கு மேல எடுத்தாலே எலும்பைப் பத்தி யோசிக்கணும். ஆயா எடுத்தது வருஷக்கணக்கில்.

8/ ஸ்டீராய்டு எலும்பை எப்படிக் கெடுக்குது? அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். எலும்பு கல்லு மாதிரி செத்த பொருள் இல்லை. வளர்ந்த மனுஷனோட எலும்புல வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம் இடிச்சுப் புதுசாக் கட்டப்படுது. இப்போ உங்க உடம்புல இருக்கிற எலும்பு பத்து வருஷம் முன்னாடி இருந்தது இல்லை.

9/ கன்டெய்னர் லாரி ஓடுற எண்ணூர் ரோட்டை நினைச்சுக்கோங்க. பழைய தாரைச் சுரண்டி எடுக்க ஒரு கும்பல், புது ரோடு போட ஒரு கும்பல். எலும்பிலும் அப்படியே. சுரண்டுறது ஆஸ்டியோகிளாஸ்ட். போடுறது ஆஸ்டியோபிளாஸ்ட். ஒரு இடத்தைச் சுரண்ட ரெண்டு மூணு வாரம் போதும். அதே பள்ளத்தை நிரப்ப மூணு நாலு மாசம் ஆகும்.

10/ மூணாவதா ஒரு ஆள் உண்டு: ஆஸ்டியோசைட். ரோட்டுக்குள்ளேயே புதைஞ்சு உட்கார்ந்திருக்கிற மேஸ்திரி. எலும்பு செல்களில் 90 சதவீதத்துக்கு மேல இவங்கதான். எங்கே பாரம் விழுது, எங்கே விரிசல் விட்டிருக்குன்னு உணர்ந்து தகவல் அனுப்புறது இவங்க வேலை.

11/ சுரண்டுற கும்பல் தானா வேலை ஆரம்பிக்காது. டோக்கன் வேணும். அந்த டோக்கன் பேர் 'ரேங்க்-எல்'. கொடுக்கிறது யாரு? அந்த மேஸ்திரியும், கட்டுற கும்பலைச் சேர்ந்த செல்களும்தான். சுரண்டுற செல்லாக மாறப்போற இளம் செல்லின் மேல 'ரேங்க்' என்று ஒரு பூட்டு இருக்கு. டோக்கன் அதில் போய் உட்கார்ந்தா இடிப்பு ஆரம்பம்.

12/ டோக்கன் இஷ்டத்துக்குப் போனா எலும்பே மிஞ்சாது. அதனால அதே கட்டுற கும்பல் இன்னொரு புரதத்தையும் சுரக்கும்: 'ஆஸ்டியோபுரோட்டெஜெரின்'. சுருக்கமா ஓபிஜி. டோக்கனை நடுவழியிலேயே பிடுங்கி வச்சுக்கிறது இதோட வேலை. ரேங்க்-எல் எவ்வளவு, ஓபிஜி எவ்வளவு? உங்க எலும்பு நிக்கிறதும் கரையுறதும் பெரும்பாலும் இந்தக் கணக்குலதான்.

13/ இது புராணகாலத்து அறிவு இல்லை. ஓபிஜி பத்தி 1997ல்தான் தெரிஞ்சுது. அதை அதிகமாச் சுரந்த எலிகளுக்கு எலும்பு வழக்கத்தை விட அடர்த்தியா இருந்துச்சு. அது எதைப் பிடுங்குதுன்னு தேடினப்போ, 1998ல் ரேங்க்-எல் கிடைச்சுது. 2010ல், அந்த டோக்கனைப் பிடிக்கிற டெனோசுமாப் ஊசி அமெரிக்காவில் அனுமதி வாங்கி வந்துடுச்சு.

14/ மாதவிலக்கு நின்ன பிறகு பெண்களுக்கு எலும்பு கரையுறது ஏன்? ஈஸ்ட்ரோஜன் இருந்த வரைக்கும் டோக்கனைக் கட்டுக்குள் வச்சிருந்தது. அது குறைஞ்சதும் டோக்கன் கூடுது, பிடுங்குறவர் குறையுறார். முதல் சில வருஷங்கள்ல இழப்பு வேகமா இருக்கும். ஆயாவுக்கு இந்த அடி முதல்ல விழுந்தாச்சு.

15/ அதுக்கு மேல ஸ்டீராய்டு. அது மூணு பக்கமும் அடிக்கும். டோக்கனைக் கூட்டும், ஓபிஜியைக் குறைக்கும். கட்டுற கும்பலை உருவாக விடாது, இருக்கிறதையும் சாகடிக்கும். மேஸ்திரியையும் கொல்லும். இடிப்பு நடக்குது, நிரப்ப ஆள் இல்லை, எங்கே விரிசல்னு சொல்லவும் ஆள் இல்லை. இழப்பு அதிவேகமா இருக்கிறது முதல் மூணு முதல் ஆறு மாசத்தில்.

16/ அடையாளங்கள் எல்லாம் கண்ணு முன்னாடியே இருந்துச்சு. ஆயா முகம் உருண்டையாச்சு. "கெழவி இப்பத்தான் கலையா கீது"ன்னு தெருவுல சொன்னாங்க. கையில லேசா இடிச்சாலே கருநீலமா ரத்தம் கட்டுச்சு. சர்க்கரை ஏறிச்சு. சாமி அலமாரியில விளக்கு வைக்க முக்காலி போட்டு ஏறிச்சு. முன்னாடி எட்டி வைக்கும். ஆயா குள்ளமாகியிருந்தது. நாங்க அலமாரி உயரம்னு நினைச்சோம்.

17/ அதனால முதல் வேலை: வீட்ல இருக்கிற பெரியவங்க உயரத்தைச் சுவத்துல பென்சில்ல குறிச்சு வைங்க. இளவயசு உயரத்தை விட 4 சென்டிமீட்டருக்கு மேல குறைஞ்சிருந்தா முதுகெலும்பு எக்ஸ்ரே பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. எலும்பு அடர்த்தியைப் பார்க்க டெக்ஸா ஸ்கேன் இருக்கு. டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதுக்குக் கீழே போனா ஆஸ்டியோபொரோசிஸ்.

18/ ரெண்டாவது, இதுதான் முக்கியம்: இதைப் படிச்சுட்டு ஸ்டீராய்டை உடனே தூக்கிப் போடாதீங்க. வெளியிலிருந்து ரொம்ப நாள் வந்தா உடம்போட அட்ரினல் சுரப்பி தூங்கிப் போயிடும். திடீர்னு நிறுத்தினா ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. ஆயாவுக்குப் படிப்படியாக் குறைக்க மாசக்கணக்கு ஆச்சு. மூட்டு வலி திரும்ப வந்துச்சு. "டாக்டருக்குப் படிச்சு என்னைய நொண்டியாக்கிட்ட"ன்னு என்னைத் திட்டிச்சு. தப்பு சொல்ல முடியல.

19/ மணலி, எண்ணூர் பக்கம் வீசிங் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டீராய்டு கெட்டது இல்லை. சரியான நோய்க்குச் சரியான அளவில் அது உயிர் காக்கிற மருந்து. இன்ஹேலரில் இருக்கிறது மைக்ரோகிராம் கணக்கு, நேரா நுரையீரலுக்குப் போகுது. இன்ஹேலருக்குப் பயந்து கடை மாத்திரைக்குப் போறது எலும்பைப் பொறுத்தவரை தலைகீழ்க் கணக்கு.

20/ சிகிச்சை? சுரண்டுற செல்லை அடக்க அலெண்ட்ரோனேட் மாத்திரை வாரம் ஒண்ணு: வெறும் வயித்துல, ஒரு முழு டம்ளர் தண்ணியோட, அரை மணி நேரம் படுக்காம. வருஷம் ஒரு முறை ஏத்துற ஜொலெட்ரோனேட். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டெனோசுமாப். இந்த ஊசியை மட்டும் டாக்டர்கிட்ட கேட்காம தள்ளிப் போடவோ நிறுத்தவோ கூடாது. தடுத்து வச்ச டோக்கன் எல்லாம் ஒரே நேரத்துல செல்லுபடியாகி, ஒண்ணுக்கு மேல முள்ளெலும்பு உடைஞ்சவங்க இருக்காங்க. எது யாருக்குன்னு சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி எல்லாம் பார்த்துத்தான் முடிவு.

21/ மேஸ்திரிக்கு ஒரு தந்திரம் தெரியும். எலும்பு மேல பாரம் விழாதப்போ ஸ்கிளெரோஸ்டின்னு ஒரு புரதத்தை அனுப்பி, "கட்டுனது போதும்"னு சொல்லிடுவார். நடந்தா, படி ஏறினா, பாரம் உணர்ந்தா அந்தத் தகவல் குறையும், கட்டுற வேலை தொடரும். படுத்தே இருந்தா எலும்பு கரையுறது இதனாலயும்தான். இதைத் தடுக்கிற ரோமோசோசுமாப் மருந்துக்கு 2019ல் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அனுமதி கிடைச்சது.

22/ சாப்பாடு: கேழ்வரகுக் கூழ் ஆடி மாசத்துக்கு மட்டும் இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. முள்ளோட தின்கிற நெத்திலி நல்லது. கருவாட்டில் உப்பு அதிகம், பிரஷர் இருந்தா அளவா. ஆனா கால்சியம் வெறும் ஜல்லி மாதிரி. போடுற கும்பலே இல்லைன்னா ஜல்லி மட்டும் ரோடு ஆகாது. பொட்டலம் தொடர்ந்தா எத்தனை கூழ் குடிச்சும் பிரயோஜனம் இல்லை.

23/ ஆயா இப்போ ஸ்டீராய்டு இல்லாம இருக்கு. கூன் நிமிரல, நசுங்கின எலும்பு நிமிராது. மூட்டுக்கு வேற சிகிச்சை, தொடைக்குப் பயிற்சி. குடம் தூக்குறது இல்லை. ரெண்டு வருஷமா புது முறிவு எதுவும் இல்லை. அதை நான் பெருசா நினைக்கிறேன்.

24/ போன மாசம் வீட்டுக்குப் போனப்போ, ஆயாவோட மீன் வித்த ரெண்டு பேர் திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. ஆயா அவங்க இடுப்புச் சுருக்குப் பையைத் திறக்கச் சொல்லி, "எந்த மாத்திர அது? பேர் இன்னா? எங்க பேராண்டிக்குக் காட்டு"ன்னு அதட்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு பைகளிலும் பொட்டலம் இருந்துச்சு.

25/ இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை செய்ங்க. வீட்ல அம்மா, பாட்டி, அத்தை யாரா இருந்தாலும், என்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு எடுத்துப் பாருங்க. "வலி மாத்திரை"ன்னு சொன்னா அங்கேயே நிறுத்தாதீங்க. பேர் கேளுங்க. பேர் இல்லாத மாத்திரைன்னா அதை எடுத்துக்கிட்டு, அவங்களையும் கூட்டிக்கிட்டு, பக்கத்துல இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கோ உங்க டாக்டர்கிட்டயோ போங்க. (முற்றும்)