ஒரே ஓதல், பல கருவிகள்

அனுமந்தையில் நம்மிடம் ஓதும் பிள்ளைகளில் சிலரின் பெற்றோர் விடியுமுன்னரே உப்பளத்துக்குச் சென்றுவிடுகின்றனர். அப்பிள்ளைகள் பாடத்தைக் கைப்பேசியில் கேட்டு, திரும்ப ஓதிப் பதிவு செய்து அனுப்புவர். நாம் அனுப்பிய ஒரே பாடம் ஒரு வீட்டில் நம் குரலாகவும், மற்றொரு வீட்டில் யாரோ இளைஞன் அவசரமாக ஓதுவதாகவும் ஒலித்தது. "ஹஜ்ரத், இது நீங்க ஓதினதுதானா?" என்று ஒரு தாயார் கேட்டேவிட்டார்.

காரணம் எளிய கணக்குதான். குறுந்தகட்டின் மரபுப்படி ஒலியை விநாடிக்கு 44,100 எண்களாக்குவதுண்டு. கைப்பேசிகளோ பெரும்பாலும் 48,000 என்னும் வேகத்தில் ஒலிக்கின்றன. செயலியானது கருவியின் வேகத்தைக் கேட்டறியாமல் எண்களை அப்படியே கொட்டிவிட்டால், ஒரு மணி நேர ஓதல் 55 நிமிடங்களில் முடிந்துவிடும், குரலும் உயரும். மத்துகளின் விகிதம் கெடாது. 2, 4, 6 ஹரகத் என்னும் அளவுகள் தம்முள் பொருந்தியே நிற்கும். ஆயினும் பிள்ளையின் நா அந்த ஓட்டத்துக்கே பழகிவிடுமன்றோ?

இக்குழப்பத்தைத் தீர்க்கவே செயலிக்கும் கருவிக்கும் நடுவே ஓர் இடைமுகம் வகுக்கப்படுகிறது. கருவி 16 பிட்டில் இயங்கினாலும் 24 பிட்டில் இயங்கினாலும், செயலி காண்பது மைனஸ் 1 முதல் 1 வரையுள்ள பின்னத்தையே. இணைய உலாவிகளுக்கான 'வெப் ஆடியோ' 2021 ஜூனில் முறையான பரிந்துரையாயிற்று; அதன்படி எக்கருவியிலும் ஒலி 128 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகவே கணக்கிடப்படும். ஆண்ட்ராய்டில் 2017இல் வந்த 'ஏஆடியோ' பழைய கைப்பேசிகளில் இல்லை. 2018இல் கூகுள் வெளியிட்ட 'ஓபோ' (ஒரு குழற்கருவியின் பெயராம்) புதியவற்றில் ஏஆடியோவையும், பழையவற்றில் 'ஓபன் எஸ்எல் இஎஸ்' என்பதையும் தானே பயன்படுத்திக்கொள்ளும். குறிப்பிட்ட சில கருவிகளின் கோணல்களுக்கான திருத்தங்களும் அதனுள்ளேயே உண்டு. எழுதுபவர் ஒருமுறை எழுதினால் போதும். ஊருக்கொரு மரக்கால் வைத்து அளந்தவர்களுக்கு, 1956ஆம் ஆண்டுச் சட்டம் கொணர்ந்த மெட்ரிக் அளவின் அருமை விளங்கும்.

ஆனால் எல்லா வேற்றுமையையும் மறைத்துவிடுவது நல்ல இடைமுகம் ஆகாது என்பது நம் கருத்து. புளூடூத் ஒலிபெருக்கியில் ஓசை தாமதித்தே வரும். அதை நீக்க இயலாதெனில், தாமதம் எவ்வளவென்று செயலிக்குச் சொல்லியாக வேண்டும். ஒலிவாங்கியின் செய்தி இன்னும் நுட்பமானது. இரைச்சலை அடக்குவதாகச் சொல்லிக் கைப்பேசி சில வேளை மெல்லெழுத்துகளையும் அடக்கிவிடுகிறது. பழைய முறைத் தொலைபேசி அழைப்பிலோ 3,400 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஓசை செல்வதே இல்லை. ஸே, ஸீன், ஸாத் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் சீறொலியின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. மக்ரஜ் சரியாக இருக்கும் பிள்ளையைக் கருவியின் குற்றத்துக்காகத் திருத்தினால், அது சரியானதைக் கைவிட்டுத் தவறைக் கற்கும்.

ஆண்ட்ராய்டு 7.0 முதல் பதப்படுத்தாத ஒலியைக் கேட்டுப் பெற வழியிருக்கிறது. எல்லாக் கருவியும் அதைத் தருவதில்லை. தருமா என்பதை முன்கூட்டியே வினவி அறியலாம். நமக்குச் செயலி எழுதித்தரும் பழைய மாணவரிடம், அந்த விடையைப் பிள்ளையின் பதிவோடு சேர்த்து அனுப்பும்படி கேட்டிருக்கிறோம். 'தராது' என்று வரும் வீட்டுப் பிள்ளையின் ஸீனை நேரில் கேட்ட பிறகே திருத்துவோம்.