விண்ணப்பத்தில் துணையின் ஸ்தானம்

கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை பெற விழையும் தம்பதியர், கல்விச் சான்றுகளைப் பற்றியும் உத்தியோக அனுபவத்தைப் பற்றியும் வங்கிக் கையிருப்பைப் பற்றியும் மாதக்கணக்கில் ஆலோசிக்கிறார்கள். ஆனால் அந்த விண்ணப்பத்தில் துணைவருக்கு எந்த ஸ்தானம் என்பதை மட்டும், ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயம் போலக் கருதி, ஆலோசனைக்கே எடுத்துக்கொள்வதில்லை. என் கணவரின் விண்ணப்பத்தில் இடம்பெற்றுச் சென்னையிலிருந்து டொரன்டோவுக்கு வந்து, இங்கேயே என் வாழ்க்கையை அமைத்துக்கொண்டவள் என்ற முறையில், பின்னால் வரும் குடும்ப வாழ்வின் போக்கையே அந்த ஒரு முடிவு நிர்ணயிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மனைவியை உடன் அழைத்து வரும் உரிமை இந்நாட்டில் எளிதாகக் கிடைத்ததன்று. 1912ஆம் ஆண்டு வான்கூவர் துறைமுகத்தை அடைந்த பாக் சிங், பல்வந்த் சிங் என்ற சீக்கியர் இருவரும் முன்பே இங்குக் குடியிருந்தவர்களாதலால் உள்ளே விடப்பட்டனர். அவர்களுடைய மனைவியரையும் குழந்தைகளையுமோ நாடு கடத்தும்படி உத்தரவாயிற்று. கடும் போராட்டத்திற்குப் பின், பிறருக்கு இது முன்னுதாரணம் ஆகாது என்று கூறி, உரிமையாக அல்லாமல் கருணையாகவே அவர்களைத் தங்கவிட்டனர். இந்தியர் தம் மனைவி மக்களை வரவழைக்கலாம் என்ற அனுமதி 1919இல்தான் பிறந்தது. சீனர்களின் கதி இதனினும் கொடியது: 1923இல் இயற்றப்பட்ட தடைச் சட்டம் 1947இல் நீக்கப்படும் வரை, கடலின் இரு கரைகளிலும் பிரிந்திருந்தே முதுமையடைந்த தம்பதியர் பலர். 1967இல் புள்ளி முறை வந்த பின்னரே, பிறந்த தேசத்தைப் பாராமல் ஒருவரது யோக்கியதையைப் பார்க்கும் நியாயம் இங்கே வேரூன்றியது.

அம்முறையின் இன்றைய வடிவம், 2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி. மொத்தம் 1,200 புள்ளிகள் கொண்ட அதன் தரவரிசையில், தனியாக விண்ணப்பிப்பவரின் வயது, கல்வி, மொழி, கனடிய வேலை அனுபவம் ஆகியவற்றுக்கு அதிகபட்சம் 500 புள்ளிகள் உண்டு. துணைவருடன் விண்ணப்பிப்பவருக்கு அது 460 ஆகக் குறைந்து, எஞ்சிய 40 புள்ளிகள் துணைவரின் தகுதிக்கென ஒதுக்கப்படுகின்றன. மொழிக்கு 20, கல்விக்கு 10, கனடிய வேலை அனுபவத்துக்கு 10 என்பது அதன் பகிர்வு. துணைவர் பரீட்சை எழுதாமலும் பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பாமலும் இருந்துவிட்டால் அவற்றில் பெரும்பகுதி வீணாகும் என்பதால், ‘உடன் வராதவர்’ என்று அவரைக் குறித்துவிட்டுத் தனியாளின் புள்ளிகளைப் பெறலாம் என்று யோசனை சொல்வோர் உண்டு. எங்களுக்கும் அந்த யோசனை சொல்லப்பட்டது. என் கணவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. நானும் ஆங்கிலப் பரீட்சைக்குச் சிரத்தையோடு படித்து எழுதினேன். என் பட்டமும் மதிப்பீட்டுக்குப் போயிற்று. உடன் வராதவர் என்று குறித்தாலும் துணைவருக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தாக வேண்டும். காட்ட வேண்டிய பணக் கையிருப்பிலும் அவரைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். பின்னொரு நாளில் அவரை வரவழைப்பதற்குத் தனி விண்ணப்பமும் தனிக் காத்திருப்பும் உண்டு.

துணைவரை அறவே குறிப்பிடாமல் விடுவதோ பேராபத்து. குடிவரவு ஒழுங்குகளின் 117ஆம் விதிப்படி, பிரதான விண்ணப்பதாரர் நிரந்தர வதிவாளராகும் வேளையில் அதிகாரிகளிடம் தெரிவிக்கப்படாமலும் பரிசோதிக்கப்படாமலும் விடுபட்ட துணைவரை, பிற்காலத்தில் குடும்பப் பிரிவின் கீழ் வரவழைக்க இயலாது. நான் அறிந்த இளைஞர் ஒருவர் பிரமச்சாரியாக விண்ணப்பித்தவர். வீசா வந்த மகிழ்ச்சியில் பெற்றோர் அவசரமாக விவாகத்தை முடிக்க, அதைத் தெரிவிக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்வார் இன்றி விமானம் ஏறினார். மனைவிக்காகப் பின்னர் அவர் செய்த விண்ணப்பம் இவ்விதியின்படியே நிராகரிக்கப்பட்டது; மனிதாபிமான அடிப்படையில் விலக்குக் கேட்டு மன்றாடுவது ஒன்றே அவருக்கு எஞ்சிய வழியாயிற்று. இங்கு வந்து இறங்குமுன் ஒரு கடிதம் எழுதியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய அந்தத் துயரத்தை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

மற்றொன்றையும் நம்மவர் சிந்திக்க வேண்டும். பிரதான விண்ணப்பதாரர் கணவரே என்று சம்பிரதாயமாக முடிவு செய்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வயதுக்கான புள்ளிகள் 20 முதல் 29 வரை முழுமையாகக் கிடைத்து, 30இலிருந்து ஆண்டுதோறும் குறைந்து, 45இல் முற்றாக மறைகின்றன. நம் குடும்பங்களில் மனைவியே பெரும்பாலும் வயதில் இளையவள். இக்காலத்தில் படிப்பிலும் குறைந்தவள் அல்லள். ஆகவே இருவரையும் தனித்தனியே பிரதானமாக வைத்துக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்வதுதான் விவேகம்.

உடன் சேர்க்கப்பட்டு வரும் துணைவர், வந்திறங்கிய பின் எவருடைய நிழலிலும் வாழ்பவரல்லர். வதிவிட உரிமை அவருக்குச் சுயமாகவே உரியது. விரும்பிய தொழிலைச் செய்யலாம். ஐந்தாண்டுகளில் 730 நாட்கள் இந்நாட்டில் இருக்க வேண்டும் என்ற கடமையும், 1,095 நாட்கள் வாழ்ந்த பின் பிரஜாவுரிமை கோரும் தகுதியும் அவருக்குத் தனியாகவே கணக்கிடப்படுகின்றன. மணவாழ்வு முறிந்தாலும் அந்த முறிவு காரணமாக அவ்வுரிமை பறிபோவதில்லை. புதிய மண்ணில் உற்றார் உறவினர் இன்றி நிற்கும் ஒரு பெண்ணுக்கு இந்தச் சுதந்திரம் எத்தனை பெரிய பலம் என்பதை நான் அனுபவத்தால் அறிவேன்.

ஆதலால், விண்ணப்பிக்க இருக்கும் தம்பதியருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: புள்ளிகளுக்காகத் துணையை விலக்காதீர்கள், புள்ளி குறைகிறதென்றால் இருவரும் சேர்ந்து படித்து அதை ஈட்டுங்கள். விவாகத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முறையாகப் பதிவு செய்யுங்கள். விண்ணப்பித்த பின் மணம் நடந்தாலோ மகவு பிறந்தாலோ, புறப்படுமுன் எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஒரு பெண்மணி தன் கணவனோடு வாழும் உரிமையைக் கருணையாகக் கேட்டுப் பெற வேண்டியிருந்த தேசத்தில், இன்று அது சட்டம் தரும் உரிமையாக நிற்கிறது. அதைக் கவனக்குறைவால் இழந்துவிடாமல் காத்துக்கொள்வது நம் பொறுப்பு.