அம்மா ஏறி இறங்க ஒரு ட்ரெய்லர்

கொலராடோவில் ஒரு பிக்கப் ட்ரக்கும் இரண்டு நாள் லீவும் இருந்தால் கூடாரம் போட இடத்துக்குப் பஞ்சமே இல்லை. நேஷனல் ஃபாரஸ்ட், பி.எல்.எம். நிலங்களில் பெரும்பாலான இடங்களில் காசு கொடுக்காமல் 14 நாள் வரை தங்கலாம். தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது, குப்பைத்தொட்டியும் கிடையாது. கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும், அவ்வளவுதான். டென்வருக்கு வந்த நாளிலிருந்து நாங்களும் தரையில் டென்ட் அடித்துத்தான் படுத்துக்கொண்டிருந்தோம். ட்ரெய்லர் என்ற பேச்சு எழுந்தது இந்த மே மாதம் அம்மா வந்த பிறகுதான்.

அம்மாவுக்கு 71 வயது. ரெண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, ஜனவரியில் மதுரையில் ஆபரேஷன். "அதுக்கப்புறம் இவ்வளவு தூரம் ப்ளேன்ல உக்காந்து வரமாட்டேன்ப்பா, இதுதான் கடைசி" என்று வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். என் மகள் தன் போனில் இருந்த மலைமேல் எடுத்த நட்சத்திரப் படங்களைக் காட்ட, "சின்ன வயசுல மொட்டை மாடில இப்படித்தான் தெரியும், இப்ப சிவகங்கைலயே தெரியறதில்ல" என்றார். ஒரு ராத்திரியாவது அங்கே படுக்கணும் என்று ஆசை. பியூனா விஸ்டாவில் ஹோட்டல் போடலாம் அத்தை என்றாள் என் மனைவி. "ஹோட்டல்ல படுக்கிறதுக்கு நான் ஊர்லயே படுத்துக்குவேனே."

தரையில் உட்கார்ந்தால் அவரால் எழுந்திருக்க முடியாது. ராத்திரி ரெண்டு தடவை பாத்ரூம் போகவேண்டும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தோம்.

சந்தையில் சின்ன ஆஃப்-ரோடு ட்ரெய்லர் என்று விற்பவை பலவகை. விலை பத்தாயிரம் டாலர் சொச்சத்தில் தொடங்கி முப்பதாயிரத்தைத் தாண்டிப் போகிறது. ட்ரக் மேலேயோ ட்ரெய்லர் மேலேயோ கட்டும் கூரை டென்ட் எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஏணி என்ற ஒரே வார்த்தையில் அது அடிபட்டுப் போனது. உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடிய 13 அடி ஃபைபர்கிளாஸ் ட்ரெய்லர் மனைவிக்குப் பிடித்திருந்தது. நல்ல ரோடு உள்ள கேம்ப்கிரவுண்டுகளுக்கு மட்டும் போகிறவர்களுக்கு என் சிபாரிசும் அதுதான். நாங்கள் போகும் காட்டு ரோடுகளில் அதன் அடிவயிறு கல்லில் தட்டும். மிஞ்சியது டியர்டிராப்பும், அதையே பெட்டி மாதிரி சதுரமாகச் செய்த ஸ்கொயர்டிராப்பும். உள்ளே ஒரு கட்டில், பின்கதவைத் தூக்கினால் அடுப்படி.

வாங்கப்போகிற எல்லோரும் முதலில் பார்ப்பது ட்ரக் எவ்வளவு இழுக்கும் என்பதைத்தான். எங்களுடையது 2019 டகோமா, இழுக்கும் திறன் 6,400 பவுண்டு. ஒரு விற்பனையாளர் அதைக் கேட்டதுமே, "எங்க கடையில இருக்கிற எதையும் நீங்க இழுக்கலாம்" என்றார். ஆனால் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள், வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். எங்கள் ஸ்டிக்கரில் 1,075. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 570. டென்ட், நாற்காலி, ஐஸ் பெட்டி, துணிமணி 150. மீதி 355.

இந்த 355-க்குள்தான் ட்ரெய்லரின் டங் வெயிட் அடங்க வேண்டும். டங் வெயிட் என்றால் ட்ரெய்லரின் முன்மூக்கு ட்ரக்கின் கொக்கிமேல் அழுத்தும் எடை. அது ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கவேண்டும் என்பது இங்கே பொதுவான கணக்கு. 15 என்றே வைத்துக்கொண்டால், சாமான் ஏற்றிய ட்ரெய்லர் 2,300 பவுண்டைத் தாண்டக்கூடாது, அதாவது ஆயிரம் கிலோ சொச்சம். 6,400 என்று ஆரம்பித்த நம்பர் இங்கே வந்து நிற்கிறது. குழந்தைகள் வளர்ந்த குடும்பம், ஊரிலிருந்து பெரியவர்களும் வந்திருக்கிறார்கள் என்றால் உங்கள் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான் வரும். ஒரு தடவை உங்கள் வண்டிக் கதவைத் திறந்து பாருங்கள்.

விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் காலி எடை. தண்ணீர் ஒரு காலன் எட்டு பவுண்டுக்கு மேல். இருபது காலன் டேங்க் நிறைந்தால் என் மனைவியைவிட கனம் (இதை அவள் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்).

இந்தக் கணக்கை நான் சாப்பாட்டு மேஜையில் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா, "என்னப்பா, முன்பாரம் பாக்கறியா?" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. தாத்தா வீட்டில் மாட்டுவண்டி இருந்தது. மூட்டை ஏற்றும்போது பாரம் பின்னால் போய்விட்டால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் ரொம்ப வந்துவிட்டால் பாரம் முழுக்க மாட்டுக் கழுத்தில். தாத்தா ஒவ்வொரு மூட்டையாக நகர்த்தி, நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்துத்தான் மாட்டைப் பூட்டுவாராம். ட்ரெய்லரிலும் அதேதான். பின்பாரம் ஆனால் ஹைவேயில் வால் ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் பிடித்துவிட்டால் ட்ரக்கையும் சேர்த்துச் சாய்த்துவிடும். அடுப்படி பின்னால் இருக்கிற இந்த மாதிரி ட்ரெய்லர்களில் இதைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். அரிசி, பருப்பு, குக்கர், இரும்புத் தோசைக்கல் எல்லாம் நாம் பழக்கத்தில் அங்கேதானே அடுக்குவோம்?

கிளியரன்ஸ் விஷயத்தில்தான் இழுபறி வந்தது. கல்லும் குழியுமான ரோட்டுக்கு ட்ரெய்லர் உயரமாக இருக்கவேண்டும். உயரம் கூடக் கூட கட்டிலும் மேலே போகும். ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு உட்காரும் இடம் ரொம்பத் தாழ்வாகவும் இருக்கக்கூடாது, ரொம்ப உயரமாகவும் இருக்கக்கூடாது. வீட்டில் அம்மா சுலபமாக உட்கார்ந்து எழும் நாற்காலியை அளந்தேன், 19 அங்குலம். அதற்குப் பிறகு எங்கே போனாலும் கையில் டேப்போடுதான் போனேன். கூடவே அம்மாவும்.

முதலில் பார்த்தது பெரிய டயரும், தனித்தனி சஸ்பென்ஷனும், பார்க்கவே மிலிட்டரி வண்டி மாதிரி. கட்டில் 34 அங்குலம். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, "பரண்ல படுக்க வைக்கப் போறியா?" என்றார். அடுத்ததில் கதவு குறுகல், உள்ளே உட்கார்ந்து காலைத் திருப்ப இடமில்லை. மூன்றாவது ஒருவர் வீட்டு வாசலில், நான்கு வருஷம் பழைய ஸ்கொயர்டிராப். கதவு அகலம், கட்டில் 25 அங்குலம். ஆறு அங்குலப் படி ஒன்றைக் கீழே போட்டால் கணக்கு சரி. அம்மா உட்கார்ந்தார், ரெண்டு காலையும் கையால் தூக்கி உள்ளே வைத்தார், சாய்ந்தார். எதிரே ஜன்னல், தலைக்குமேலே இன்னொரு கண்ணாடி ஜன்னல். "கூண்டு வண்டில குலசாமி கோயிலுக்குப் போவோமே, அதே மாதிரி இருக்கு" என்று சொன்னவர், எங்களைக் கொஞ்ச நேரம் கண்டுகொள்ளவே இல்லை.

அதில் சாதாரண டார்ஷன் ஆக்சில்தான், தனி சஸ்பென்ஷன் இல்லை. எல்லாப் பக்கமும் முறுக்கிக்கொடுக்கும் விலை உயர்ந்த இணைப்பும் இல்லை, வழக்கமான பந்துக் கொக்கிதான். நாங்கள் போவது ஃபாரஸ்ட் சர்வீஸின் ஜல்லி ரோடு, பாறை ஏறும் ஜீப் பாதை இல்லை. கெப்ளர் பாஸ் மாதிரி ரோட்டில் சாதாரண காரே போகிறது. ஆஃப்-ரோடு என்று பெயர்ப்பலகை ஒட்டியதற்காக எட்டாயிரம், பத்தாயிரம் கூடக் கொடுப்பதற்கு முன், உங்கள் ரோடு எது என்று ஒரு வரைபடத்தில் விரல் வைத்துப் பார்ப்பது நல்லது. நான் விடாமல் பிடித்த ஒன்று சக்கரம். ட்ரக்கும் ட்ரெய்லரும் ஒரே ஆறு போல்ட் அமைப்பு, ஒரே அளவு டயர், அதனால் ஒரு ஸ்பேர் இரண்டுக்கும் ஆகும். பஞ்சர் கடை அறுபது மைல் தள்ளி இருக்கிற இடத்தில் இது பெரிய நிம்மதி.

சாமான் ஏற்றி, ட்ரக் ஸ்டாப்பில் இருக்கும் எடைமேடையில் நிறுத்திப் பார்த்தோம். ட்ரெய்லர் 1,860 பவுண்டு. சின்னத் தராசு ஒன்றில் பார்த்த டங் வெயிட் 230, பன்னிரண்டு சதவீதம் சொச்சம். அம்மாவிடம் சொன்னேன். "தாத்தா இருந்தா தராசே வேண்டாம்" என்றார்.

அடுப்படி வெளியே இருப்பதில் நமக்கு ஒரு லாபம், தாளிக்கிற நெடி மெத்தையில் ஏறாது. ஒரு கவலையும் உண்டு, கரடி. சாப்பாடு, எண்ணெய், குப்பை எதுவும் ராத்திரி வெளியே இருக்கக்கூடாது. பியூனா விஸ்டா பக்கம் உயரம் சுமார் 8,000 அடி. அங்கே தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் சோறு விறைத்துக்கொண்டே நிற்கும், குக்கர் கட்டாயம். பெரியவர்களை அழைத்துப் போகும்போது முதல் ராத்திரியே பத்தாயிரம் அடியில் படுக்கவைக்க வேண்டாம் என்று எங்கள் டாக்டரும் சொன்னார். அதனால் கெப்ளர் பாஸ் பகல் பயணம் மட்டும்தான், ஆஸ்பென் இலை மஞ்சளாகும் செப்டம்பர் கடைசியில்.

அம்மாவும் மகளும் உள்ளே, நாங்கள் ரெண்டு பேரும் பக்கத்தில் பழைய டென்டில். கதவிலிருந்து ஐந்தடியில் சின்ன மறைப்புக் கூடாரம், அதற்குள் எடுத்துச் செல்லும் டாய்லெட், வழியில் தரையோடு ஒரு பேட்டரி விளக்கு. பின்பக்கத்து வீட்டு முற்றத்தில் இரண்டு ராத்திரி ஒத்திகை முடிந்தது. முதல் ராத்திரி படி ஆடியது என்று அம்மா சொன்னதால், அடியில் ரப்பர் ஒட்டி, கதவோரம் ஒரு கைப்பிடி திருகினேன். ரெண்டாவது ராத்திரி யாரையும் எழுப்பாமல் தானே போய்வந்துவிட்டார். காலையில் மகள்தான் புகார் சொன்னாள், "அப்பத்தா குறட்டை விடறாங்கப்பா." அம்மா அதைக் காதில் வாங்காமல் அடுப்படிக் கதவைத் தூக்கிப் பார்த்து, இந்த பேட்டரியில் மிக்சி ஓடுமா என்று கேட்டார். 550 வாட், ஓடும் என்றேன். தேங்காய் வாங்கப் போகவேண்டும்.